அழாத பிள்ளை: தாஹா ஹுஸைனின் ‘அல்-அய்யாம்’ - ஒரு மறுவாசிப்பு

1

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம்மவர் பழமொழி. அழாத பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதைப் பழமொழி சொல்வதில்லை. அதைச் சொல்வதற்கு இலக்கியம் வேண்டியிருக்கிறது.

நமது சிறுகதைகளில் அழுகிற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. வாப்பாவை இழந்த பிள்ளை, அகதி முகாமில் பசித்திருக்கும் பிள்ளை, சிற்றன்னையிடம் அடி வாங்கும் பிள்ளை என்று பலரைச் சந்தித்திருக்கிறோம். நான் வாசித்த அளவில், இவர்களில் பெரும்பாலானோருக்குக் கதையில் இரண்டு வேலைகளில் ஒன்றுதான் தரப்படுகிறது. ஒன்று, வாசகனின் கண்களை ஈரமாக்குவது. மற்றது, கடைசிப் பந்தியில் டொக்டராகவோ ஆசிரியராகவோ திரும்பி வந்து, கஷ்டப்பட்டால் முன்னேறலாம் என்று நிரூபிப்பது. துன்பம் அந்தப் பிள்ளைக்குள்ளே என்ன செய்தது, அதன் உடம்பில், உறக்கத்தில், சாப்பாட்டில், பிறரை நம்பும் ஆற்றலில் எதை மாற்றியது என்ற கேள்விக்குள் நமது கதைசொல்லிகள் அதிகம் போவதில்லை.

இந்தக் கேள்வியை முன்வைத்து எகிப்திய எழுத்தாளர் தாஹா ஹுஸைனின் ‘அல்-அய்யாம்’ (நாட்கள்) என்ற நூலின் முதற் பாகத்தை மீண்டும் வாசிக்க விரும்புகிறேன். தாஹா ஹுஸைன் (1889 - 1973) நம்மிடையே இரண்டு விதமாக அறியப்பட்டவர். ஜாஹிலிய்யாக் காலக் கவிதை பற்றி 1926இல் அவர் எழுதிய நூல் கிளப்பிய பெரும் சர்ச்சையினால் அவரை அறிந்தவர்கள் ஒரு சாரார். கண் பார்வையற்றவராக இருந்தும் கலாநிதிப் பட்டம் பெற்று, 1950இல் எகிப்தின் கல்வி அமைச்சராகி, இடைநிலைக் கல்விக்கான கட்டணத்தை நீக்கிய சாதனையாளர் என்று மேடைகளில் கேட்டவர்கள் இன்னொரு சாரார். முதற் சாராரின் பிரச்சினை வேறு. அதனுள் இங்கு நான் புகவில்லை. இரண்டாம் சாராரின் வாசிப்போடுதான் எனக்கு வழக்கு இருக்கிறது. ‘அல்-அய்யாம்’ ஒரு சாதனைக் கதை என்று சொல்லிக்கொடுக்கப்படுகிறது. அந்த நூலை ஒழுங்காக வாசித்தால் அது அப்படிச் சொல்லவில்லை.

2

அந்தச் சர்ச்சையின் சூடு ஆறுவதற்கு முன்பே ‘அல்-அய்யாம்’ எழுதப்பட்டது. 1926 - 27 காலப்பகுதியில் ‘அல்-ஹிலால்’ சஞ்சிகையில் தொடராக வந்து, 1929இல் நூலுருப் பெற்றது. தன் வாழ்க்கையை எழுதுகின்ற தாஹா ஹுஸைன் ‘நான்’ என்று எழுதவில்லை. ‘சிறுவன்’, ‘நமது நண்பர்’ என்று படர்க்கையிலேயே எழுதிச் செல்கிறார். இந்த உத்தியைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். எனக்குப் படுவது இதுதான்: சில வலிகளைத் தன்மையில் சொல்ல முடிவதில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, அது வேறொரு பிள்ளைக்கு நடந்தது போலப் பார்த்தால்தான் அதன் முழு உருவமும் தெரிகிறது.

மேல் எகிப்தில், மகாகா என்ற நகரை அண்டிய ஊர். தகப்பனுக்குப் பதின்மூன்று பிள்ளைகள்; சிறுவன் ஏழாவது. குழந்தைப் பருவத்தில் கண் நோய் வருகிறது. சில நாட்கள் கவனிப்பாரில்லை. பின்னர் ஊர் நாவிதர் அழைக்கப்படுகிறார். நமது ஊர்களின் பழைய ஒஸ்தாமாரைப் போலச் சிறு வைத்தியமும் பார்க்கிறவர். அவர் செய்த வைத்தியத்தில் பார்வை போய்விடுகிறது.

நூலின் தொடக்கத்தில் வருகிற ஒரு காட்சி. மாலை நேரத்தில் வீட்டு வேலியோரம் நின்று, வெளியே ஒரு பாடகர் பாடுகின்ற அபூ ஸைதின் வீரக் கதைகளைச் சிறுவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். மூத்த சகோதரி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறாள். உம்மாவின் மடியில் தலையை வைத்து, அவனுடைய கண்களில் மருந்து விடுகிறார்கள். எரிகிறது. பயனும் இல்லை. ஆனால் அவன் அழுவதில்லை, முறையிடுவதுமில்லை. தங்கையைப் போல ஓயாமல் அழுகிற பிள்ளை என்று பெயரெடுக்க அவனுக்கு விருப்பமில்லை. பிறகு படுக்கையில் முகத்தை மூடிக்கொள்கிறான். உடம்பின் எந்தப் பகுதியாவது போர்வைக்கு வெளியே தெரிந்தால் இரவில் நடமாடும் ஆவிகள் தீண்டிவிடும் என்ற பயம் விடியும்வரை அவனை உறங்கவிடுவதில்லை.

அழாத பிள்ளை என்று நான் சொன்னது இவனைத்தான். வீட்டில் யாரும் கொடியவர்கள் அல்லர். உம்மா இரக்கமுள்ளவள், வாப்பா மென்மையானவர். ஆனால் உம்மாவின் இரக்கத்தோடு சில வேளைகளில் கவனமின்மையும் கடுமையும் சேர்ந்து வருவதையும், தன்னிடம் சொல்லாத ஏதோ ஒன்று மற்றவர்களிடம் இருப்பதையும் சிறுவன் உணர்கிறான். சகோதரர்கள் காண்கிற ஒன்றைத் தான் காண்பதில்லை என்று விளங்கும்போது அவனுக்குள் ஒரு மௌனமான துக்கம் குடியேறுகிறது.

பிறகு அந்தச் சாப்பாட்டுக் காட்சி. ஒரு கையால் எடுக்கும் உணவை இரண்டு கைகளாலும் எடுத்தால் என்ன என்ற சாதாரணமான பிள்ளைக் குறும்பில் சிறுவன் அப்படியே செய்கிறான். சகோதரர்கள் சிரிக்கிறார்கள். உம்மா அழுகிறாள். வாப்பா தாழ்ந்த, துயரம் தோய்ந்த குரலில் திருத்துகிறார். அன்றிரவை எப்படிக் கழித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த இரவிலிருந்து அவன் மாறுகிறான். அசைவுகளை அளந்து வைக்கிறான். கரண்டியால் சாப்பிட வேண்டிய சூப்பையும் சோற்றையும் தனக்குத் தானே தடை செய்துகொள்கிறான். அந்தத் தடை அவனுக்கு இருபத்தைந்து வயது கடக்கும்வரை நீடித்தது என்கிறார் ஆசிரியர்.

யாரும் அடிக்கவில்லை, யாரும் ஏசவில்லை. ஒரு சிரிப்பு, ஒரு கண்ணீர், ஒரு தாழ்ந்த குரல். இவ்வளவுதான் நடந்தது. இருபது வருடங்களாக ஒரு மனிதன் சோறு சாப்பிடவில்லை. சிறுபராயத்துக் காயம் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எழுதிய இன்னொரு பக்கத்தை நான் வாசித்ததில்லை. இந்த அனுபவத்தினால்தான், ஆயிரம் வருடங்களுக்கு முன் சிரியாவில் வாழ்ந்த பார்வையற்ற கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரீ ஏன் தன் பணியாளுக்குக்கூடத் தெரியாமல் மறைவிடத்தில் சாப்பிட்டார் என்பது தனக்கு விளங்கியது என்று தாஹா ஹுஸைன் எழுதுகிறார். 1914இல் அவர் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்ததும் அதே மஅர்ரீயைத்தான். காயம் ஆய்வுப் பொருளாக மாறிய கதை அது.

3

நமது முதல் நாவலை இவ்விடத்தில் நினைவூட்டுவது பொருத்தம். சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வெளிவந்தது. 1882இல் பிரித்தானியரிடம் தோற்று, 1883 முதல் இலங்கையில் நாடுகடத்தப்பட்டிருந்த ஒராபி பாஷாவோடு சித்திலெப்பை நெருங்கிப் பழகிய காலம் அது. எகிப்தின் காற்று கொழும்பில் வீசிக்கொண்டிருந்தது. நாவலின் நாயகனும் எகிப்தில் பிறந்தவன்தான். குழந்தையாக இருக்கும்போதே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்கிறான். பெற்றோரிடமிருந்து பிடுங்கப்பட்ட குழந்தை ஒருவன்தான் இலங்கைத் தமிழ் நாவலின் முதல் நாயகன் என்பதை நாம் போதியளவு கவனித்ததில்லை.

ஆனால் அசன் பழைய வீரக்கதை மரபில் வருபவன். அந்த மரபில் குழந்தையின் இழப்பு கதையை நகர்த்துகிற ஒரு சக்கரம் மட்டுமே. கடத்தப்பட்டது அவன் மனதில் வடுவாகத் தங்குவதில்லை. நற்குலத்தில் பிறந்தவன், எங்கு வளர்ந்தாலும் நற்குணத்தோடுதான் வளர்வான் என்பது அந்த மரபின் நம்பிக்கை. சித்திலெப்பையின் குறையாக இதைச் சொல்லவில்லை. அவர் எழுதிய காலத்தில் உலகின் பல மொழிகளிலும் கதை அப்படித்தான் எழுதப்பட்டது. நாற்பது வருடங்களின் பின்னர் எகிப்தியர் ஒருவர், குழந்தையின் உள்ளே போய்ப் பார்க்கிறார். அந்த இடைவெளியில் நடந்த மாற்றத்தை நமது கதை உலகம் எவ்வளவு உள்வாங்கியது என்பதுதான் என் கேள்வி.

4

உளவியலாளர்களும் மருத்துவர்களும் இதே விடயத்துக்கு வேறொரு பாதையால் வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி, ரொபர்ட் அண்டா ஆகிய இரு மருத்துவர்களின் தலைமையில் நடந்த ஆய்வு 1998இல் வெளியானது. இரண்டு கட்டங்களிலும் சேர்த்துப் பதினேழாயிரத்துக்கும் அதிகமான வளர்ந்தவர்களிடம் சிறுபராயத்தைப் பற்றிக் கேட்டார்கள். அடி, வசை, பாலியல் துன்புறுத்தல், புறக்கணிப்பு, வீட்டில் குடிகாரர், உளநோயாளர், சிறை சென்றவர், தாய் தாக்கப்படுதல், பெற்றோர் பிரிவு என்று பத்து வகையான துன்பங்கள் பட்டியலிடப்பட்டன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆகக்குறைந்தது ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்டவற்றை அனுபவித்தவர்களிடையே, எதையும் அனுபவிக்காதவர்களோடு ஒப்பிடும்போது, மனச்சோர்வு நான்கு மடங்குக்கும் அதிகமாகவும், தற்கொலை முயற்சி பன்னிரண்டு மடங்கு அளவிலும் இருந்தன. இருதய நோய், ஈரல் நோய் போன்ற உடல் நோய்களும் கூடுதலாகக் காணப்பட்டன. இவர்கள் சேரிகளில் வாழ்ந்தவர்கள் அல்லர். பெரும்பாலும் படித்த, மருத்துவக் காப்புறுதி உள்ள நடுத்தர வர்க்கத்தினர்.

இது எப்படி நிகழ்கிறது? ஆபத்து வரும்போது உடம்பு தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும். இதயம் வேகமாகத் துடிக்கும். கோர்ட்டிசோல் போன்ற சுரப்புகள் இரத்தத்தில் கூடும். ஆபத்து நீங்கியதும், அல்லது பெரியவர் ஒருவர் வந்து அணைத்ததும், உடம்பு பழைய நிலைக்குத் திரும்பும். அணைக்க யாருமில்லாமல் ஆபத்து மட்டும் நாளாந்தம் தொடர்ந்தால், திரும்பி வரும் பாதை தூர்ந்துபோகிறது. மூளை வளர்கின்ற வயதில் இது நிகழ்வதால், எப்போதும் விழித்திருக்கிற, எதையும் ஐயுறுகிற ஒரு அமைப்பாகவே அது வளர்கிறது. போர்வைக்குள் விடியும்வரை விழித்திருந்த அந்தச் சிறுவனை இந்த விளக்கத்தோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

ருமேனியாவின் அனாதை இல்லங்கள் இதற்கு இன்னொரு சாட்சி. 1989இல் சௌஷெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தபின், அங்கே கட்டில்களில் கிடந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளை உலகம் கண்டது. உணவு கிடைத்தது, தூக்கிக் கொஞ்ச ஆளில்லை. அழுதும் யாரும் வராதபோது குழந்தைகள் அழுவதை நிறுத்திவிடுகிறார்கள். அங்கு சென்று பார்த்தவர்கள் அந்த அறைகளின் அமைதியைத்தான் முதலில் குறிப்பிட்டார்கள். பிரித்தானியக் குடும்பங்கள் தத்தெடுத்த பிள்ளைகளை மைக்கேல் றட்டரும் அவருடைய குழுவினரும் பல வருடங்கள் தொடர்ந்து அவதானித்தார்கள். ஆறு மாதத்துக்கு முன் வெளியேறிய குழந்தைகள் பெரும்பாலும் ஏனைய பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் தங்கியவர்களிடம் பாதிப்புகள் கூடுதலாகவும் நீண்ட காலத்துக்கும் காணப்பட்டன. 2000ஆம் ஆண்டில் புக்கரெஸ்ட் நகரில் தொடங்கிய இன்னொரு ஆய்வு, 136 பிள்ளைகளில் ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பார்த்தது. குடும்பத்தில் சேர்ந்தவர்கள் பல விடயங்களில் முன்னேறினார்கள். விரைவாகச் சேர்ந்தவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள்.

5

விஞ்ஞானம் இவ்வளவைச் சொல்லிவிட்ட பிறகு இலக்கியத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இலக்கியத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

சான் டியாகோவின் அந்தப் பத்துக் கேள்விகளைத் தாஹா ஹுஸைனின் சிறுவனிடம் கேட்டிருந்தால் அவன் என்ன பதில் சொல்லியிருப்பான்? வாப்பா குடிப்பவரல்லர். உம்மாவை யாரும் அடிக்கவில்லை. யாரும் சிறை செல்லவில்லை. பெற்றோர் பிரியவில்லை. புறக்கணிப்பு என்ற ஒரு கட்டத்துக்குள் ஒருவேளை ஒரு புள்ளடி விழுந்திருக்கும். கண் பார்வை போனது பட்டியலில் இல்லை. இரண்டு கைகளால் உணவெடுத்த இரவு பட்டியலில் இல்லை. உடன்பிறப்புகளின் மரணம் இல்லை. ஓதப்போன இடத்தில் பட்ட அவமானமும் இல்லை.

அந்த அவமானத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சிறுவன் ஒன்பது வயதுக்குள் குர்ஆனை மனனமிட்டு ‘ஷெய்க்’ என்று அழைக்கப்படுகிறான். பின்னர், கற்றுக்கொடுப்பவரின் அசிரத்தையால் ஓதல் கைவிட்டுப் போகிறது. ஒரு நாள் விருந்தினர் முன்னிலையில் வாப்பா ஓதச் சொல்கிறார். முதல் எழுத்துகளுக்கு அப்பால் நா எழவில்லை. வியர்த்து நிற்கிறான். வாப்பா அமைதியாக அனுப்பிவிடுகிறார். அந்த அமைதி அடியைவிடக் கனமானது. இந்த அவமானங்களின் தொடர்ச்சியில் ஒரு நாள் சிறுவன் சமையற்பகுதிக்குப் போய், இறைச்சி வெட்டும் கத்தியை எடுத்துத் தன் கழுத்தை நோக்கி ஓங்குகிறான். கத்தி கையிலிருந்து விழுகிறது. காயம் சிறிதுதான். உம்மா ஓடி வந்து பார்க்கிறாள், ஏசுகிறாள், ஒரு மூலையில் இழுத்து உட்கார்த்திவிட்டுத் தன் வேலைக்குத் திரும்புகிறாள். அவன் அங்கேயே அசையாமல் இருக்கிறான்.

குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய எவருக்கும் இந்த நூலில் வரும் ‘ஸெய்யிதுனா’வும் அவருடைய உதவியாளரும் தெரிந்த முகங்களாகவே இருப்பார்கள். அந்தப் பகுதிகளை நகைச்சுவைக்காகவே பலரும் நினைவுகூர்கிறார்கள். நகைச்சுவை இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சிரிப்பின் நடுவில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையொன்று சாக முயன்றது என்பதைச் சிரித்தபடியே கடந்துவிடுகிறோம். வீடும் கடந்துவிடுகிறது. யாரும் அந்தப் பிள்ளையிடம் ஏன் என்று கேட்கவில்லை. ‘அல்-அய்யாம்’ சாதனைக் கதையாக வாசிக்கப்படும்போது முதலில் காணாமல் போவது இந்தப் பக்கம்தான்.

பட்டியலை நான் குறைகூறவில்லை. உலக சுகாதார நிறுவனம் பின்னர் தயாரித்த விரிவான வினாக்கொத்தில் யுத்தமும் கூட்டு வன்முறையும் சேர்க்கப்பட்டன. ரொபர்ட் அண்டாவே 2020இல், இந்தப் புள்ளிகளைக் கூட்டி ஒரு தனிமனிதரின் தலைவிதியைக் கணிக்க வேண்டாம் என்று எச்சரித்து எழுதினார். மக்கள் தொகையைப் பற்றிய உண்மையைத் தனிமனிதரின் நெற்றியில் ஒட்டக்கூடாது. கணக்கு எத்தனை பேர் என்று சொல்லும். எந்தச் சிரிப்பு, எந்த இரவு என்று சொல்வதற்குக் கதை வேண்டும்.

6

இப்போது அந்தச் சாதனையாளர் வாசிப்புக்கு வருகிறேன். தாஹா ஹுஸைன் எப்படித் தப்பினார்?

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வேர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். கடும் பாதகமான சூழலில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஆற்றலும் நம்பிக்கையும் மிக்க வளர்ந்தவர்களானார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒரு விடயம், பெற்றோராகவோ, மூத்தம்மாவாகவோ, ஆசிரியராகவோ, அயலவராகவோ தன்னை மனதார ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவரேனும் இருந்தமை. மனவுறுதி என்பது ஏதோ சிலருக்கு மட்டும் இரத்தத்தில் ஊறிய வீரமல்ல. ஒருவர் கொடுத்து மற்றவர் பெறுகிற ஒன்று.

சோவியத் பதிப்புகளின் மூலம் தமிழில் பலரும் வாசித்த மாக்சிம் கோர்க்கியின் குழந்தைப் பருவ நூலில் அந்த ஒருவர் அவருடைய பாட்டி. தாத்தாவின் பிரம்புக்கும் பாட்டியின் கதைகளுக்கும் இடையில்தான் அந்தப் பிள்ளை வளர்கிறது. அப்படியிருந்தும் 1887இல், பத்தொன்பதாவது வயதில், கஸான் நகரில் கோர்க்கி தன்னைத் தானே சுட்டுக்கொண்டு உயிர் தப்பினார். பாட்டியின் அன்பு காயத்தை இல்லாமலாக்கவில்லை. அதைத் தாங்குவதற்கு ஒரு தோளைத் தந்தது, அவ்வளவே. அந்த அவ்வளவு சிறியதல்ல.

தாஹா ஹுஸைனிடமும் இதையே காண்கிறேன். வேலியோரக் கதைப்பாடகர், வாப்பாவின் மென்மை, இரண்டாம் பாகத்தில் கெய்ரோவின் தனிமையான அறையில் இரவுகளின் பயத்தைப் போக்க வந்து சேர்ந்த சிற்றன்னை மகன், பின்னர் பிரான்ஸில் அவருக்கு வாசித்துக் காட்டி, 1917இல் மனைவியான சூஸான். இவர்கள் இல்லாத தாஹா ஹுஸைன் இல்லை. இதை அவரே எழுதியிருக்கிறார். ஆனால் மேடைகளில் தனி மனிதனின் விடாமுயற்சி மட்டும் பேசப்படுகிறது. விடாமுயற்சியை மட்டும் பேசினால் தோற்றுப்போன பிள்ளைகள் எல்லோரும் முயற்சியற்றவர்கள் என்றாகிவிடும்.

தோற்றவர்கள் என்றல்ல, பேச வராதவர்கள் என்று சொல்ல வேண்டும். அந்த வீட்டின் கடைசிப் பெண்பிள்ளை நாலு வயதுக்காரி. சுவரோடுகூடக் கதைத்து விளையாடும் கலகலப்பான பிள்ளை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிறது. வீடு முழுக்க வேலை. பிள்ளை சோர்ந்து படுக்கிறது, காய்ச்சல். இடையிடையே யாராவது வந்து எதையாவது ஊட்டிவிட்டுப் போகிறார்கள். சில நாட்கள் அப்படியே கழிகின்றன. கடைசி நாளில் பிள்ளை அலறத் தொடங்குகிறது. அப்போதுதான் வீடு திரண்டு வந்து சுற்றி நிற்கிறது. வைத்தியரை அழைக்க வேண்டும் என்று அப்போதும் யாருக்கும் தோன்றவில்லை. அன்றே பிள்ளை மௌத்தாகிறது. பெருநாளன்று வாப்பா மகளை மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பி வருகிறார்.

அழாத நாட்களில் யாரும் பார்க்கவில்லை. அழுதபோது நேரம் கடந்திருந்தது. தன் கண்களைப் பறித்ததும் தங்கையைப் பறித்ததும் ஒரே கவனமின்மை என்று தாஹா ஹுஸைன் வெளிப்படையாகவே எழுதுகிறார். என் வாசிப்பில் இந்நூலின் மையம் இதுதான். ஒரே வீடு, ஒரே கவனமின்மை. ஒரு பிள்ளை அமைச்சரானது. மற்றது நாலு வயதில் முடிந்தது. அமைச்சரான பிள்ளையை மட்டும் வைத்து அந்த வீட்டைப் பற்றிய படிப்பினையை எழுதினால் அது பொய்யாகிவிடும்.

அதற்குப் பின் இன்னொரு மரணம். வைத்தியக் கல்லூரியில் சேரவிருந்த பதினெட்டு வயது அண்ணன், 1902 ஓகஸ்டில் கொலறாவில் போகிறான். சிறுவன் அன்றிலிருந்து மாறிப்போகிறான். ஐவேளைத் தொழுகையையும் தனக்காக ஒரு தடவை, அண்ணனுக்காக ஒரு தடவை என்று இரட்டிப்பாகத் தொழுகிறான். வருடத்தில் இரண்டு மாதம் நோன்பு பிடிக்கிறான். நீண்ட காலம் இரவுகளில் அண்ணனைக் கனவு காண்கிறான். துக்கத்தை வைத்திருக்க ஒரு பாத்திரம் தேடிய பிள்ளைக்கு, தெரிந்த ஒரே பாத்திரம் அமல்தான். இதை வெறும் பக்தியாக வாசிப்பதும் தவறு, வெறும் நோயாக வாசிப்பதும் தவறு. தனது கையிலிருந்த மொழியில் ஒரு பிள்ளை தன் துக்கத்தைச் சொல்லிக்கொண்டது. தாஹா ஹுஸைன் அதைக் கேலி செய்யாமல் எழுதியிருக்கிறார்.

7

இவற்றையெல்லாம் நமது சஞ்சிகையில் ஏன் எழுதவேண்டும்?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, யாழ்ப்பாணத்தவர்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசம் தரப்பட்டது. அதே வருடம் ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26இன் கடல், கிழக்குக் கரையின் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போனது. இவற்றைப் பற்றி நாம் எழுதியிருக்கிறோம். விட்டுவந்த வீட்டை, கிணற்றை, பள்ளிவாசலை, பறிபோன நகைகளை எழுதியிருக்கிறோம். அவை எழுதப்பட வேண்டியவைதாம். ஆனால் அந்தக் கதைகளில் பெரியவர்கள்தான் பேசுகிறார்கள். பிள்ளை உம்மாவின் இடுப்பில் இருக்கும். பசிக்குது என்று ஒரு தடவை சொல்லும். பிறகு கதையிலிருந்து மறைந்துவிடும்.

அந்தப் பிள்ளை மறைந்துவிடவில்லை. 1990இல் ஒன்பது வயதாயிருந்த பிள்ளைக்கு இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. அது இப்போது வாப்பாவாகவோ உம்மாவாகவோ இருக்கிறது. புத்தளத்து ஓலைக்கொட்டிலில் கேட்காமல் அடக்கிக்கொண்டது எது, இன்றும் கதவு பலமாகத் தட்டப்பட்டால் அதன் நெஞ்சு என்ன செய்கிறது, தன் பிள்ளை அழும்போது ஏன் அதற்குத் தாங்க முடியாத கோபம் வருகிறது என்பவை நமது இலக்கியத்தில் எழுதப்படாத பக்கங்கள். சுனாமிக்குப் பின் வடகிழக்குப் பாடசாலைப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வு, யுத்தமும் கடலும் மட்டுமல்லாமல் வீட்டுக்குள் நடக்கும் வன்முறையும் அவற்றோடு சேர்ந்து பிள்ளைகளை அழுத்தியதைக் காட்டியது. வெளியே பட்ட அடி வீட்டுக்குள்ளும் வருகிறது. வெளியே நடந்ததை எழுதுவதற்கு நமக்குத் துணிவு இருந்தது. வீட்டுக்குள் வந்ததை எழுதுவதற்கு வேறு வகைத் துணிவு வேண்டும். தாஹா ஹுஸைனிடம் அது இருந்தது. தன் உம்மாவை நேசித்துக்கொண்டே, உம்மாவின் கவனமின்மையைப் பெயர் சொல்லி எழுதினார்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். குடும்பத்தின் குறைகளைச் சந்தைக்குக் கொண்டுவருவதா, ஏற்கனவே அடிபட்ட சமூகத்தை இன்னும் தாழ்த்துவதா என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியில் நியாயமில்லாமலில்லை. சிறுபான்மைச் சமூகமொன்று தன் வீட்டுக் கதைகளைச் சொல்லும்போது, அவற்றை அதற்கெதிராகவே பயன்படுத்த ஆட்கள் காத்திருப்பார்கள். ஆயினும் ‘அல்-அய்யாம்’ இதற்கும் ஒரு விடை வைத்திருக்கிறது. அந்த நூலில் குற்றவாளிக் கூண்டில் யாரும் ஏற்றப்படவில்லை. பதினொரு பிள்ளைகளைப் பெற்று ஓயாமல் உழைக்கிற தாயின் கைகளும் தெரிகின்றன. வைத்தியரை நினைக்கவே முடியாத ஊரின் ஏழ்மையும் தெரிகிறது. அந்நிய ஆட்சியின் கீழ்க் கிடந்த நாடும் பின்புலத்தில் தெரிகிறது. காரணங்களைச் சொல்வது குற்றம் சாட்டுவதாகாது. அமைச்சரானதும் அவர் செய்தது, தனக்குக் கிடைத்த வாசலை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்ததுதான். கல்வி தண்ணீரையும் காற்றையும் போன்றது என்ற அவருடைய வாதம் அந்த வீட்டிலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

முதற் பாகத்தின் கடைசி அத்தியாயம் அவருடைய ஒன்பது வயது மகளை நோக்கி எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நாள் மகளுக்கு ஈடிபஸ் மன்னனின் கதையைச் சொல்கிறார். கண்ணிழந்த மன்னனை மகள் கைபிடித்து நடத்தும் இடம் வந்ததும் பிள்ளை அழத் தொடங்குகிறது. அந்த மன்னனில் தன் வாப்பாவைக் கண்டுவிட்டது. தன் சிறுபராயத்தை முழுவதும் சொன்னால் மகள் சிரித்துவிடுவாளோ, அல்லது மனமுடைந்துவிடுவாளோ என்று அவர் அஞ்சுகிறார். ஆனாலும் கொஞ்சம் சொல்கிறார்: அஸ்ஹரில் ரொட்டியையும் கரும்புப் பாகையும் மட்டும் தின்று படித்ததையும், வசதியாக இருப்பதாக ஊருக்குப் பொய் சொல்லி வைத்ததையும்.

எவ்வளவைச் சொல்வது, எதைப் பிள்ளைக்கு வயது வரும்வரை வைத்திருப்பது என்ற இந்தத் தயக்கம் நமது வீடுகளில் இப்போதும் இருக்கிறது. ஒன்றுமே சொல்லாத வாப்பாமார் இருக்கிறார்கள். தினமும் அதையே சொல்லிப் பிள்ளையின் தோளில் ஏற்றிவைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில், பிள்ளை தாங்குகிற அளவுக்கு, அன்போடு சொல்வது எப்படி என்பதைத் தாஹா ஹுஸைன் எழுதிக் காட்டியிருக்கிறார். நமது எழுத்தாளர்களிடம் நான் கேட்பது அந்த ஒரு அத்தியாயத்தைத்தான். அந்த ஓலைக்கொட்டிலில் அழாமல் உட்கார்ந்திருந்த பிள்ளை உங்களில் யாராவது ஒருவராக இருக்கக்கூடும். எழுதுங்கள்.